வேன்ல ஏசி ஓடுது, காத்து மட்டும் வரல: அடிக்கடி கேக்குற கேள்விகள்

கும்பகோணத்துல வேன் ஏசி வேலை பாக்குறேன். நவக்கிரக டூர் அடிக்கிற டிராவலர் வேன்தான் பாதி வேலை, மிச்சம் வேளாங்கண்ணி வண்டி, கல்யாண வண்டி, இப்ப ரெண்டு மூணு வருசமா கட்டில் பாத்ரூம்லாம் வச்ச கேரவனும் ஒண்ணு ரெண்டு வருது. வர்றவங்க கேக்கறது சுத்திச் சுத்தி ஒரே சந்தேகம்தான், ராத்திரி பத்து மணிக்கு சீர்காழி ரோட்டுலேர்ந்து போன் போட்டு கேக்கறதும் அதேதான். ஒவ்வொருத்தருக்கா சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் எழுதி வச்சுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டுருக்கேன்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். இதுல வேன்னு சொன்னா இன்ஜின் பெல்ட்ல ஓடுற ஏசி, கூரைக்குள்ள ப்ளோயரும் கூலிங் காயிலும் இருக்கும், டக்ட் வழியா சீட்டுக்கு சீட்டு காத்து வரும். கேரவன்னு சொன்னா கூரைக்கு மேல பெட்டி மாதிரி உக்காந்துருக்கற ஏசி, வெளிக் கரண்ட்லயோ ஜெனரேட்டர்லயோ ஓடுறது.

அண்ணே, காத்து கம்மியா வருது, கேஸ் தீந்துருச்சா?

இல்ல. இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சா பாதிப் பேர் என்கிட்ட வரவே தேவையில்ல. காத்த தள்ளுறது ப்ளோயர், அது வெறும் ஃபேன், அது சுத்துறதுக்கும் கேஸுக்கும் சம்மந்தமே கெடையாது. ஏசி சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு ப்ளோயர மட்டும் ஃபுல்லா வைங்க, கேஸே இல்லாத வண்டியா இருந்தாலும் மூஞ்சில காத்து அடிக்கணும், சூடா அடிச்சாலும் சரி அடிக்கணும். அடிக்குது ஆனா கூல் ஆகலன்னா கேஸ், அத அழுத்தி அனுப்புற கம்ப்ரசர், சூட்ட வெளிய விடற கண்டென்சர் இதுல ஏதோ. அடிக்கவே இல்லன்னா எத்தனை கேஸ் ஏத்துனாலும் காசுதான் போகும்.

கேஸ் கம்மியானதால காத்தும் கொறையுறது ஒரே ஒரு வழியிலதான், காயில்ல ஐஸ் கட்டி. அத மத்தியானத்துல காத்து செத்துப்போற கேள்வியில சொல்றேன்.

நெசமாவே காத்து கம்மியா, இல்ல வெயிலுக்கு எனக்குதான் அப்புடி தோணுதா?

நல்ல கேள்வி, கத்திரி வெயில்ல எல்லாருக்கும் இப்படித் தோணும். வண்டிக்குள்ள மேல பாத்தீங்கன்னா ஜல்லடை மாதிரி ஒரு மூடி இருக்கும், அதுவழியாத்தான் உள்ள இருக்கற காத்த இழுத்து மறுபடி கூல் பண்ணி அனுப்புது, அதுக்குப் பேரு ரிட்டர்ன். ப்ளோயர ஃபுல்லா வச்சுட்டு அந்த ஜல்லடைல ஒரு அர்ச்சனை சீட்டையோ டிக்கெட்டையோ வைங்க. அப்படியே ஒட்டிக்கணும். கீழ விழுந்தா இழுக்கவே இல்லன்னு அர்த்தம், இழுக்கலன்னா எதத் தள்ளும்.

இன்னும் சரியா தெரியணும்னா நூறு எரநூறு ரூவாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கெடைக்குது. ஏசி ஓடி கால் மணி ஆனப்பறம் ரிட்டர்ன்ல ஒரு ரீடிங், சீட்டுக்குக் காத்து வர்ற வாய் இருக்கே, லூவர், அதுல ஒரு ரீடிங் எடுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் 8லேர்ந்து 12 டிகிரி இருந்தா நார்மல், மழைக்காலத்துல இன்னும் கொஞ்சம் கொறையும். காத்து மெதுவா வருது ஆனா வித்தியாசம் 15க்கு மேல காட்டுதுன்னா கேஸ் நல்லாத்தான் இருக்கு, காத்துதான் பத்தல. இத எழுதி வச்சுக்கிட்டு மெக்கானிக்கிட்ட போங்க, பேச்சே வேற மாதிரி இருக்கும்.

ஃபில்டர்னு ஒண்ணு இருக்கா என்ன? எங்க இருக்கு?

அதே ஜல்லடை மூடியக் கழட்டுங்க, உள்ள ஒரு ஸ்பாஞ்சோ நெட்டோ இருக்கும். ரெண்டு வருசமா வண்டி ஓட்டுறவரு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாம இருந்துருக்காரு, அவரக் குத்தம் சொல்ல முடியாது, வண்டி குடுக்கும்போது யாரும் சொல்றதில்ல. சோப்புத் தண்ணில அலசி, நெழல்ல நல்லா காய வச்சு மாட்டுங்க. ஈரத்தோட மாட்டுனா அதுலயே தூசி அப்பிக்கும்.

எத்தனை நாளைக்கு ஒருதடவைன்னு கேப்பாங்க. சாதாரணமா மாசம் ஒருக்கா போதும். ஆனா நம்ம ஊர்ல குறுவை அறுப்பு நடக்குற புரட்டாசியிலயும் சம்பா அறுப்பு நடக்குற தை மாசியிலயும் வாரம் ஒருக்கா பாக்கணும். மெஷின் அறுக்குற வயல் பக்கத்துல ஒருதடவ கதவத் தொறந்து வச்சு நின்னா போதும், நெல்லு சொணை முழுக்க உள்ள வந்துடும். ரோட்லயே நெல்லக் காயப்போட்டு தூத்துற எடத்துல கண்ணாடிய ஏத்திட்டுப் போங்க.

ஃபில்டர கழுவியாச்சு, இன்னும் அப்படியேதான் இருக்கு

அப்ப அழுக்கு ஃபில்டரத் தாண்டிப் போயிருச்சு. ரெண்டு எடம் பாக்கணும், கூலிங் காயில், அப்பறம் ப்ளோயர் வீல். காயில டார்ச் அடிச்சா தெரியும், தகடு தகடா இருக்கற எடத்துல கம்பளி போத்துன மாதிரி இருந்தா அதான். ப்ளோயர் வீல் கண்ணுக்குத் தெரியாது, கழட்டுனாத்தான்.

போன தையில ஒரு வண்டி வந்துச்சு, மன்னார்குடிக்காரரு, ஃபில்டர கழுவிட்டேன் கழுவிட்டேன்னு சத்தியம் பண்ணாரு. தொறந்து பாத்தா ஃபில்டரே இல்ல, கழுவி லாட்ஜ் மாடியில காயப் போட்டப்போ காத்துல போயிருக்கு, அதுக்கப்பறம் மூணு மாசமா ஃபில்டர் இல்லாமலே ஓடுது. வீல வெளிய எடுத்தேன். அந்த வீல்ல ஒவ்வொரு இதழும் நகம் மாதிரி வளைஞ்சு இருக்கும், அந்த வளைவுதான் காத்த அள்ளி வீசுறது. அந்த வளைவு முழுக்க சொணையும் விபூதியும் தலைமுடியும் சேந்து அடை மாதிரி அப்பி நெரவிப்போச்சு, நகம் இருந்த எடத்துல குச்சிதான் இருக்கு. மோட்டார் முழு வேகத்துல சுத்துது, சத்தமும் ஜோரா வருது, காத்து மட்டும் இல்ல. சோப்புத் தண்ணில ஊறப்போட்டு பழைய பல்லு பிரஷ்ஷால ஒவ்வொரு இதழா தேச்சோம், எறங்குன தண்ணி கழனித் தண்ணி மாதிரி இருந்துச்சு, அடியில நாலஞ்சு காஞ்ச மல்லிப்பூ. மாட்டுனப்பறம் கடைசி சீட்டுத் திரை பறந்துச்சு.

வீலக் கழுவறப்ப ஒரு விசயம், இதழ் ஓரத்துல சின்னதா ஒரு கிளிப் மாட்டிருக்கும், குப்பைன்னு நெனச்சு புடுங்கிடாதீங்க. வீல் ஆடாம சுத்துறதுக்கு வச்ச எடை அது, போச்சுன்னா கூரையே அதிரும்.

காலைல திங்களூர்ல ஜில்லுனு அடிக்குது சார், மத்தியானம் திருவெண்காடு வர்றதுக்குள்ள காத்து செத்துருது. என்னா மாயம்?

மாயம் இல்ல, ஐஸ். கூலிங் காயில் ஜீரோ டிகிரிக்குக் கீழ போனா காத்துல இருக்கற ஈரம் அதுமேல ஐஸா படியும், தகடுக்கு நடுவுல இருக்கற சந்து அடைஞ்சுடும், ப்ளோயர் சுத்தும் ஆனா காத்து போக வழி இல்ல. சரியா கண்டுபுடிக்கற வழி இதுதான்: வண்டிய நிறுத்தி அரை மணி சாமி கும்புட்டுட்டு வந்து போட்டா பழையபடி ஜோரா அடிக்குதா, மறுபடி ஒரு மணி நேரத்துல கொறையுதா, அப்ப ஐஸ்தான். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒரே மாதிரி கம்மியா இருந்தா ஐஸ் இல்ல, மேல சொன்ன அழுக்குப் பிரச்சனைதான்.

ஓட்டத்துலயே சரிபண்ண ஏசி சுவிட்ச மட்டும் ஆஃப் பண்ணுங்க, ப்ளோயர் ஃபுல்லுல ஓடட்டும், 15 20 நிமிசத்துல கரைஞ்சுடும். ஸ்க்ரூட்ரைவர் வச்சு ஐஸக் குத்துற வேலை மட்டும் வேணாம், ஒருத்தரு குத்தி காயில்லயே ஓட்டை போட்டுட்டாரு, கேஸ் மொத்தமும் உஸ்ஸுனு போயிருச்சு.

ஐஸ் ஏன் கட்டுதுன்னா மூணு காரணம். அழுக்கால காத்து பத்தாம காயில் ரொம்ப குளுந்துபோறது ஒண்ணு. காயில்ல செருகியிருக்கற சென்சரோ தெர்மோஸ்டாட்டோ எடம் மாறிப்போய் கம்ப்ரசர கட்டாஃப் பண்ணாம விடறது ஒண்ணு. கேஸ் கொறைஞ்சு காயில்ல நுழையுற எடம் மட்டும் அதிகமா குளுந்து அங்கேர்ந்து ஐஸ் பரவுறது ஒண்ணு. மூடியத் தொறந்து பாக்கும்போது ஐஸ் காயில் முழுக்க சமமா இருந்தா மொத ரெண்டுல ஏதோ, ஒரு மூலையில மட்டும் கட்டி மிச்சம் காஞ்சு கெடந்தா கேஸப் பாக்கச் சொல்லுங்க.

ஐஸ் கட்டுதுன்னா கூலிங் சூப்பரா இருக்குன்னுதானே அர்த்தம்?

ஐஸ் காயில்ல இருக்கு, ஜனங்க சீட்ல இருக்காங்க. நடுவுல காத்து போனாத்தான் கூலிங்.

வெயில் காலத்துல ஒண்ணும் இல்ல, ஐப்பசி கார்த்திகைலதான் காத்து கம்மியாகுது. அது எப்புடி?

அடமழை நேரத்துல நம்ம பக்கம் காத்துல ஈரம் ஏகத்துக்கும் இருக்கும், ஜனங்க நனைஞ்ச குடையும் ஈரத் துணியுமா ஏறுவாங்க, கோயிலுக்குக் கோயில் கதவத் தொறந்து வச்சு நிப்பாட்டுவீங்க. அவ்வளவு ஈரமும் காயில்லதான் படியணும். அதுல வெளிய வெயிலும் இல்ல, காயிலுக்கு சூடு கம்மியாத்தான் வருது, சீக்கிரமே ஜீரோவுக்குப் போயிரும். வெயில்ல சமாளிச்சுட்டு இருந்த அரைகுறை சென்சர் அப்பதான் மாட்டிக்கும். அழுக்கு காயில்னா இன்னும் சீக்கிரம்.

செய்ய வேண்டியது, ப்ளோயர ஒண்ணுல வச்சு டெம்பரேச்சர அடிமட்டத்துக்குத் திருப்பி வைக்கற பழக்கத்த விடுங்க, மழைக்காலத்துல ஐஸ் கட்டறதுக்கு அதவிட நல்ல வழி இல்ல. ப்ளோயர் ரெண்டு இல்ல மூணுல இருக்கட்டும், குளிருச்சுன்னா டெம்பரேச்சர ஏத்துங்க.

சீட்டு மேல தண்ணி சொட்டுது, காத்தும் கொறைஞ்ச மாதிரி இருக்கு

காயில்ல படிஞ்ச தண்ணி ஒரு தட்டுல விழுந்து ரெண்டு பக்கமும் டியூப் வழியா வெளிய போகணும். டியூப் அடைச்சா தட்டு ரொம்பி வழியும், வண்டி பிரேக் அடிக்கும்போது மொத்தமா யாரு தலையிலயாவது கொட்டும், அது பெரும்பாலும் மாமியாரு தலையாத்தான் இருக்கும். கீழ டியூப் முனையில பாருங்க, சேறு அப்பியிருக்கும், இல்ல குளவி கூடு கட்டியிருக்கும். வாயால ஊதாதீங்க, காத்தடிக்கற பம்பால மெதுவா ஊதுங்க, பிச்சுக்கிட்டு போயிரும். ஏசி ஓடியும் வண்டிக்கு அடியில தண்ணியே சொட்டலன்னா ஒண்ணு டியூப் அடைப்பு, இல்ல உள்ள ஐஸா நிக்குது.

முன் சீட்டுக்கு பேய்க் காத்து, கடைசி சீட்டுக்கு மூச்சே இல்ல

எல்லா சீட்டுக்கும் கொறைஞ்சா ப்ளோயர், காயில், ஃபில்டர். சில சீட்டுக்கு மட்டும் கொறைஞ்சா டக்ட். இந்த வித்தியாசம் தெரிஞ்சா வேலை பாதி முடிஞ்சுது.

டக்ட்ல நான் பாத்ததுல மொத எடம் லைட்டு வேலைக்குத்தான். சீரியல் லைட்டு, ஸ்பீக்கர், டிவி மாட்டறேன்னு மேல ஸ்க்ரூ போடும்போது டக்ட்ட ஓட்டை போட்டுடறாங்க, கூல் காத்து முழுக்க கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல போயி யாருக்கும் இல்லாம வீணாவுது. சீலிங்ல ஒரு எடம் மட்டும் ஜில்லுனு ஈரமா இருந்தா அதுக்கு மேலதான் லீக்கு. ரெண்டாவது, டக்ட்டுக்குள்ள ஒட்டுன ஸ்பாஞ்சு பசை விட்டு நாக்கு மாதிரி தொங்கிக்கிட்டு வழிய மறிக்கும். கடைசி லூவரக் கழட்டிட்டு மொபைல உள்ள விட்டு டார்ச் போட்டு வீடியோ எடுத்துப் பாருங்க, பிரிக்கவே வேணாம். வளையுற டியூப் போட்ட வண்டின்னா முட்டி மடங்குன மாதிரி எங்கயாவது நசுங்கியிருக்கும்.

லீக்க அடைக்க அலுமினிய டேப்தான். பிரவுன் டேப் கூரைச் சூட்டுக்கு ஒரு மாசம் தாங்காது.

நாலு பேர்தான் போறோம், மத்த சீட்டு லூவரெல்லாம் மூடிட்டா நமக்கு நல்லா வருமே?

ரெண்டு மூணு மூடலாம். பத்து லூவர்ல ஏழ மூடுனா மொத்தக் காத்தே கொறைஞ்சு ஐஸ் கட்ட ஆரம்பிச்சுடும், மேல சொன்ன கதைதான். மூடாதீங்க, திருப்பி விடுங்க.

ஒண்ணு ரெண்டுல வச்சா ஓடவே மாட்டேங்குது, மூணுல வச்சாத்தான் ஓடுது

ரெசிஸ்டர் போச்சு. ஸ்பீடக் கொறைக்கறதே அதுதான், ஃபுல் ஸ்பீடுக்கு அது தேவையில்ல, நேரா கரண்ட் போகும், அதனால அது மட்டும் ஓடுது. சின்ன சாமான்தான், மாத்துறது சுலபம். ஆனா மாத்துன ஒரு மாசத்துல மறுபடி எரிஞ்சா ரெசிஸ்டரத் திட்டாதீங்க, ப்ளோயர் மோட்டார் பிடிச்சுக்கிட்டு அதிகமா கரண்ட் இழுக்குது, இல்ல அழுக்கு ஃபில்டரால ரெசிஸ்டர் மேல காத்தே படல. அது குளுர்றதும் அதே காத்துலதான்.

புது ப்ளோயர் மோட்டார் போட்டேன் அண்ணே, போட்டதுலேர்ந்துதான் காத்து கம்மி. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டாவும் இருக்கலாம், ஆனா மொதல்ல திசையப் பாருங்க. 12 வோல்ட் மோட்டார்ல வயர் ரெண்டையும் மாத்திக் குடுத்தா திருப்பிச் சுத்தும். வீட்டு ஃபேன் திருப்பிச் சுத்துனா காத்து அந்தப் பக்கம் போகும், உடனே தெரிஞ்சுடும். இந்த உருளை வீல் அப்படி இல்ல, திருப்பிச் சுத்துனாலும் காத்து அதே வாய் வழியாத்தான் வரும், ரொம்பக் கம்மியா வரும். சத்தம் வருது, காத்தும் லேசா வருது, அதனால யாருக்கும் சந்தேகமே வராது. எனக்கே வேலை கத்துக்கற காலத்துல ஒருநாள் முழுக்க இதுல போச்சு. இதழோட குழிஞ்ச பக்கம் எந்தப் பக்கம்னு, மோட்டார் கவர்ல அம்புக்குறி இருந்தா அதையும் பாத்துட்டு வயர மாத்திக் குடுங்க.

இன்னொண்ணு, பெரிய வேன்ல ரெண்டோ நாலோ ப்ளோயர் வரிசையா இருக்கும். அதுல ஒண்ணு செத்துட்டா அதோட பங்கு மட்டும் போகாது, ஓடுற ப்ளோயர் தள்ளுற காத்துல கொஞ்சம் செத்த ப்ளோயரோட வாய் வழியா திரும்பிப் போயிரும். அதனால நாலுல ஒண்ணுதானேன்னு விடாதீங்க.

வண்டி நிக்கும்போது காத்து கம்மி, ஆக்ஸிலேட்டர் அழுத்துனா ஏறுது

காத்தா ஏறுது, கூலிங்கா ஏறுதுன்னு கவனிச்சு சொல்லுங்க, ரெண்டும் வேற. காத்து அதே அளவு, நிக்கும்போது கூல் மட்டும் கொறைஞ்சா கண்டென்சர் ஃபேன் ஓடல, இல்ல கண்டென்சர் முகத்துல வைக்கோல் தூசி அடைச்சிருக்கு. அத வெளியிலேர்ந்து சாதாரணத் தண்ணியில கழுவுங்க, வாட்டர் சர்வீஸ் கன்ன கிட்ட வச்சு அடிச்சா தகடெல்லாம் மடங்கிரும்.

காத்தே ஏறி எறங்குச்சுன்னா கரண்ட். இன்ஜின் ஓடும்போது பேட்டரில 14 வோல்ட் பக்கம் இருக்கும். மல்டிமீட்டர எடுத்து ப்ளோயர் பிளக்குல, ப்ளோயர் ஃபுல்லா ஓடும்போதே அளந்து பாருங்க, ஓடாம அளந்தா பொய் சொல்லும். பேட்டரில 14 இருந்து ப்ளோயர்ல 11 வந்தா மூணு வோல்ட் வழியிலயே போவுது, காத்துல அஞ்சுல ஒரு பங்கு போச்சுன்னு வச்சுக்கங்க. எர்த் வயர் துரு, ரிலே கால் கருகுனது, ஃபியூஸ் ஹோல்டர் உருகுனது, இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். கையால தொட்டுப் பாத்தாலே எது சுடுதுன்னு தெரியும். பேட்டரிலயே 12.5தான் இருக்குன்னா அத சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரப் பாருங்க.

ஏசி போட்டா செத்த எலி நாத்தம் வருது, காத்தும் இல்ல

எலிதான். சம்பா அறுத்து முடிஞ்சா வயல்ல இருந்த எலியெல்லாம் வீட்டுக்கும் நிக்கற வண்டிக்கும் கெளம்பி வரும், ப்ளோயர் பெட்டி அதுக்கு கட்டின வீடு மாதிரி, இருட்டு, மழை படாது. சீட் ஸ்பாஞ்சக் கடிச்சு எடுத்துட்டுப் போயி வைக்கோலோட சேத்து மெத்தை போட்டு குட்டி போட்டுருக்கும். வயரையும் விடாது.

வெறுங்கையால வாராதீங்க, எலிக் காய்ச்சல் சும்மா இல்ல. கையுறை, மாஸ்க் போட்டு, ப்ளீச்சிங் தண்ணி தெளிச்சு கொஞ்ச நேரம் விட்டு ஈரத்தோட எடுங்க, காஞ்சதக் கூட்டுனா தூசி மூக்குக்குள்ள போகும். வெளிக்காத்து எடுக்கற வாய்ல கம்பி வலை அடிங்க. வாரக்கணக்கா நிக்கற வண்டிய ரெண்டு நாளைக்கு ஒருக்கா ப்ளோயர் மட்டுமாவது ஓட்டுங்க.

வேளாங்கண்ணி ட்ரிப் அதிகம், உப்புக் காத்தால ஏசி வீக்காகுமா?

ஆகும், ஆனா காத்து வர்றதுல இல்ல, கூலிங்ல. நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் தொடர்ந்து நிக்கற வண்டில கண்டென்சர் தகடு வெள்ளைப் பொடியா உதிரும், ஃபேன் மோட்டார் துருப் புடிக்கும். ஆகஸ்ட் 29லேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும் திருவிழா, அந்தப் பதினோரு நாளும் போய்ட்டு வந்த ராத்திரியே கண்டென்சர்ல ஒரு பக்கெட் நல்ல தண்ணி ஊத்துங்க. காலைல பாத்துக்கலாம்னா உப்பு காஞ்சு ஒட்டிக்கும்.

கேரவன்ல மேல வச்ச ஏசி, வீட்டுக் கரண்ட்ல நல்லா ஓடுது, ஜெனரேட்டர்ல காத்தே இல்ல

இதுல மோட்டார் 230 வோல்ட், வேன் மாதிரி 12 இல்ல. மேல வைக்கற ஏசி பெரும்பாலும் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல, ஓடும்போது ஒன்றரை கிலோவாட் பக்கம் இழுக்கும், கம்ப்ரசர் கெளம்பும்போது அதவிட பலமடங்கு. சின்ன ஜெனரேட்டர் அதுல திணறும், வோல்டேஜும் எறங்கும், கரண்ட் செகண்டுக்கு துடிக்கற 50 ஹெர்ட்ஸும் எறங்கும், ஹெர்ட்ஸ் எறங்குனா ஃபேன் சுத்துற வேகமும் அதே அளவுக்கு எறங்கும். கம்ப்ரசர் ஆஃப்ல இருக்கும்போது காத்து நல்லா வந்து, கம்ப்ரசர் கெளம்புனதும் சோர்ந்துபோனா ஜெனரேட்டர் பத்தல. லாட்ஜ்லேர்ந்து மெல்லிசு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஓட்டுறதும் இதே வியாதிதான், வயரத் தொட்டா சுடும்.

எல்லாக் கரண்ட்லயும் மெதுவாச் சுத்துனா ஃபேன் மோட்டார் சுத்த உதவுற கப்பாசிட்டரப் பாக்கணும். 10 மைக்ரோஃபாரட்னு எழுதுனது மீட்டர்ல 7 காட்டுனா ஆயுசு முடிஞ்சுது. இத நீங்களா கழட்டாதீங்க, கரண்ட ஆஃப் பண்ணப்பறமும் அது உள்ள சேத்து வச்சுருக்கும், தூக்கி அடிக்கும். அப்பறம் அமெரிக்கா மாடல் ஏசிய வாங்கி டிரான்ஸ்ஃபார்மர் வச்சு ஓட்டுறவங்களும் இருக்காங்க. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜத்தான் மாத்தும், ஹெர்ட்ஸ மாத்தாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் நம்ம 50ல ஆறுல ஒரு பங்கு மெதுவாத்தான் சுத்தும், கடைசி வரைக்கும் அப்படித்தான்.

கேரவன் புதுசு, ஏசியும் புதுசு, ஃபில்டரும் சுத்தம். மொத நாள்லேர்ந்தே காத்து வீக்

இத யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க. கூரையில சுமாரா பதினாலு இஞ்சுக்கு பதினாலு இஞ்சு ஓட்டை போட்டு ஏசிய உக்கார வச்சுருப்பாங்க. அந்த ஒரே ஓட்டையிலதான் ஒரு பக்கம் காத்து மேல ஏறுது, ஒரு பக்கம் கூலாகி கீழ எறங்குது. நடுவுல ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பு ஓரத்துல சந்து இருந்தா கூலான காத்து சீட்டுப் பக்கம் வராம நேரா பக்கத்து வழியில ஏறி ஏசிக்குள்ளயே திரும்பப் போயிரும். ஏசி தன்னத்தானே கூல் பண்ணிக்கிட்டு இருக்கும். ரூம் கூல் ஆயிருச்சுன்னு நெனச்சு சீக்கிரம் கட்டாஃப் ஆகும், இல்லன்னா ஐஸ் கட்டும்.

ரிட்டர்ன் ஜல்லடையக் கழட்டிட்டு கைய உள்ள விட்டு தடுப்பு ஓரமாத் தடவுங்க, ஜில்லுனு காத்து விரல்ல அடிச்சா அங்கதான் சந்து. அலுமினிய டேப்பால நாலு ஓரமும், டக்ட் வாய் சேர்ற எடமும், மரச்சட்டம் தெரியுற எடமும் மூடி ஒட்டுங்க. ஒட்றதுக்கு முன்னாடி தூசியத் தொடச்சு எண்ணெய்ப் பசை இல்லாம பாத்துக்கங்க. ஒரு டேப் ரோல், ஒரு மணி நேரம். இதுக்காக ஏசியே மாத்துனவர எனக்குத் தெரியும்.

எங்க ஊர் மெக்கானிக் கேஸ் ஏத்துனா எல்லாம் சரியாயிரும்ங்கறாரு, ஏத்தவா?

மொதல் பதில மறுபடி படிச்சுட்டு அவருகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. கேஸ் அழுத்தம் பாக்கற கேஜ் மாட்டிப் பாத்தீங்களா, எவ்வளவு காட்டுச்சு. நம்ம வண்டிங்கள்ல பெரும்பாலும் ஆர் 134ஏங்கற கேஸ், வெயில் நேரத்துல ஓடும்போது லோ சைடு 30 40 பிஎஸ்ஐ பக்கமும் ஹை சைடு 200 250 பிஎஸ்ஐ பக்கமும் நின்னா கேஸ் சரியாத்தான் இருக்கு, வெயிலப் பொறுத்து கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். அழுக்கு காயிலா இருந்தா லோ சைடு கொறைச்சலாக் காட்டும், அதப் பாத்து கேஸ் கம்மின்னு ஏத்திட்டா அப்பறம் கேஸ் அளவுக்கு மேல ஏறி கம்ப்ரசருக்கு ஆபத்து. அதனால மொதல்ல சுத்தம் பண்ணிட்டுத்தான் கேஜ்.

ரெண்டாவது கேள்வி, கேஸ் எங்க போச்சு. அது டீசல் மாதிரி செலவாகற பொருள் இல்ல, கொறைஞ்சா லீக்கு இருக்கு. லீக்கப் பாக்காம வருசா வருசம் ஏத்துறவரு உங்களுக்கு வேலை செய்யல, வாடகை வாங்குறாரு. ஏத்தும்போதும் ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு போட்டிருக்கோ அத தராசுல வச்சு ஏத்தணும்.

நடை சாத்துனா நாலு மணி வரைக்கும் சும்மாதானே, ஏசியப் போட்டுக்கிட்டு வண்டிலயே தூங்கலாமா?

வேனா இருந்தா இன்ஜின் ஓடணும், கேரவனா இருந்தா ஜெனரேட்டர் ஓடணும், ரெண்டுலயும் புகை. 2024 டிசம்பர்ல கேரளா வடகரையில கேரவனுக்குள்ள படுத்த ரெண்டு பேர் எந்திரிக்கவே இல்ல, ஜெனரேட்டர் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ள வந்துருக்கு. அதுக்கு நெறமும் இல்ல வாசனையும் இல்ல. காத்து வரலன்னு தரையில, வயர் போற எடத்துல ஓட்டை போட்டு அடைக்காம விட்ட வண்டில அது உள்ள வர்றது இன்னும் சுலபம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைன்ல கெடைக்குது, கேரவன் வச்சுருக்கறவங்க படுக்கற எடத்துல ஒண்ணு மாட்டுங்க.

வேன்காரங்க கதவ ரெண்டு பக்கமும் தொறந்துபோட்டு மரத்தடியில நிப்பாட்டுங்க, இன்ஜின ஆஃப் பண்ணிருங்க. மூணே முக்காலுக்கு ஸ்டார்ட் பண்ணி கதவத் தொறந்து வச்சபடியே ப்ளோயர ஃபுல்லா விட்டு சூட்ட வெளிய தள்ளிட்டு, அப்பறம் கதவ மூடி ஏசியப் போடுங்க. ஜனங்க ஏறும்போது வண்டி ஜில்லுனு இருக்கும்.